யார் கையில் அறுந்தது

எங்காவது விமானம் விழுந்தது என்று செய்தி வந்தால், அன்று பொழுது சாய்வதற்குள் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் என் வீட்டுத் திண்ணையில் நாலு பேர் கூடிவிடுவார்கள். தறிச்சத்தம் நிறைந்த தெருவில் விமானப் பராமரிப்புப் பொறியாளனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான் ஒருவன்தான். கேள்வி எப்போதும் ஒன்றே: “சார், பைலட் தப்பா, மிஷின் தப்பா?”

2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் ஏர் இந்தியா 171 விழுந்தபோதும் இதையேதான் கேட்டார்கள். விமானத்தில் இருந்த 242 பேரில் ஒருவர் மட்டுமே பிழைத்தார். தரையில் இருந்தவர்களில் 19 பேர் போனார்கள். தரையைவிட்டு எழும்பிய சில நொடிகளில் இரண்டு என்ஜின்களின் எரிபொருள் சுவிட்சுகளும் அடுத்தடுத்து ‘கட்-ஆஃப்’ நிலைக்குப் போயின என்று ஒரு மாதம் கழித்து வந்த முதற்கட்ட அறிக்கை சொன்னது. ஏன் போயின என்று அது சொல்லவில்லை. ஆனாலும் அன்றைக்கே தொலைக்காட்சிகளில் தீர்ப்பு எழுதியாகிவிட்டது. எனக்கு அது பொறுக்கவில்லை. இறந்தவர் வந்து பதில் சொல்ல முடியாது என்ற துணிச்சலில் பேசுகிற பேச்சு அது.

திண்ணைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லும் பதில் அவர்களுடைய தறியிலிருந்தே எடுத்தது. நெய்துகொண்டிருக்கும்போது பாவில் இழை அறுகிறது. அறுந்தது நெசவாளி கையில்தான். முடிந்த சேலையில் அந்த இடம் தெரிந்தால் கூலியில் பிடித்தம் விழுவதும் அவருக்குத்தான். இழை ஏன் அறுந்தது? முறுக்கு ஏற்றிய இடத்தில் குறை இருந்திருக்கலாம். சாயப்பட்டறையில் பட்டு நூலை அளவுக்கு மேல் கொதிக்கவிட்டிருக்கலாம். தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போட்ட அன்று தூறல் விழுந்திருக்கலாம். அச்சில் ஒரு பல் தேய்ந்து கூராகியிருக்கலாம். என் அப்பா அறுந்த இழையைப் புனைந்த கையோடு நெய்யத் தொடங்கமாட்டார். எழுந்து பாவின் பின்பக்கம் போய் விரலால் தடவிப் பார்ப்பார். விபத்து விசாரணை என்பதும் அப்படித்தான், அறுந்த இடத்திலிருந்து பின்னோக்கிப் போவது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 1951-இல் ஏற்றுக்கொண்ட 13ஆம் இணைப்புதான் உலகம் முழுவதும் இந்த விசாரணைகளுக்கு அடிப்படை. விசாரணையின் ஒரே நோக்கம் இனி விபத்து நடக்காமல் தடுப்பது, யார்மீதும் பழி சுமத்துவது அதன் வேலை இல்லை என்கிறது அது.

முதலில் மலைகளைப் பற்றிச் சொல்கிறேன். 1950 டிசம்பர் 13 அன்று ஏர் இந்தியாவின் டகோட்டா ஒன்று பாதை விலகி, கோத்தகிரி அருகே நீலகிரி மலையில் மோதியது. யாரும் பிழைக்கவில்லை. இறந்தவர்களில் ஆபிரகாம் வால்டும் அவர் மனைவியும் இருந்தார்கள். வால்ட் புள்ளியியல் மேதை. இந்தியாவில் சொற்பொழிவாற்ற வந்திருந்தார். இரண்டாம் உலகப் போரின்போது, குண்டடிபட்டுத் திரும்பிய விமானங்களைக் கொண்டு எந்தப் பாகம் எவ்வளவு பலவீனமானது என்று கணக்கிடும் வழியை அமெரிக்காவில் உருவாக்கிக் கொடுத்தவர் அவர். அவர் சிந்தனையின் சாரம் இது: நம் கண்ணில் படுவது திரும்பி வந்த விமானங்களின் ஓட்டைகள் மட்டுமே. அந்த இடங்களில் அடி வாங்கியும் அவை பறந்திருக்கின்றன. திரும்பி வந்தவற்றில் எங்கே ஓட்டை இல்லையோ, அங்கே அடிபட்டவைதான் திரும்பவே இல்லை. கவசம் போட வேண்டியது அந்த இடத்தில். விமானப் பாதுகாப்பில் வேலை செய்கிற ஒவ்வொருவரும் படிக்க வேண்டிய பாடம் இது. இதைத் தந்த மனிதர் நம் நீலகிரியில், வழி தவறிய ஒரு விமானத்தில் 48 வயதில் இறந்தார் என்பதைப் பயிற்சி வகுப்பில் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்கள்.

1971 டிசம்பர் 9. மதுரைக்கு இறங்கிக்கொண்டிருந்த இந்தியன் ஏர்லைன்ஸ் ஆவ்ரோ, சின்னமனூர் பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதியது. பகல் நேரம்தான், ஆனால் மூட்டம். 31 பேரில் 21 பேர் இறந்தார்கள். 1974 டிசம்பர் 4. இந்தோனேசிய ஹஜ் பயணிகளை ஏற்றிக்கொண்டு கொழும்புக்கு வந்த மார்ட்டின் ஏர் டி.சி.-8, தான் இருக்கும் இடத்தைத் தவறாகக் கணித்து, இலங்கை மலையகத்தில் ஏழு கன்னி மலையில் மோதி 191 பேரும் மாண்டார்கள். 2021 டிசம்பர் 8. சூலூரிலிருந்து வெலிங்டனுக்குப் போன விமானப்படை ஹெலிகாப்டர் குன்னூர் அருகே விழுந்தது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உட்பட 14 பேரை இழந்தோம். பள்ளத்தாக்கில் திடீரென மாறிய வானிலையால் மேகத்துக்குள் நுழைந்து, விமானி திசையுணர்வு இழந்தார் என்பது விசாரணையின் முடிவு.

கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் இடையில் 71 ஆண்டுகள். என் போன்ற பொறியாளனை அதிகம் உறுத்துவது இந்த வகை விபத்துதான். என்ஜின் நன்றாக ஓடுகிறது. இறக்கை, வால், கட்டுப்பாட்டுக் கம்பிகள் எல்லாம் சொன்னபடி கேட்கின்றன. பறக்கத் தகுதியானது என்று நாங்கள் போட்ட கையெழுத்தில் ஒரு குறையும் இல்லை. அப்படிப்பட்ட விமானம் நேராகப் போய் மலையில் மோதுகிறது. விமானிகளைத் திட்டியோ தண்டித்தோ இதைக் குறைக்க முடியவில்லை. குறைத்தது ஒரு கருவி. டான் பேட்மேன் என்ற பொறியாளர், தரை வேகமாக நெருங்கினால் குரல் கொடுக்கும் எச்சரிக்கைக் கருவியை உருவாக்கினார். ஏழு கன்னி மலை விபத்துக்கு மூன்றே நாள் முன்பு, 1974 டிசம்பர் 1 அன்று, வாஷிங்டன் அருகே டி.டபிள்யூ.ஏ. 514 மலையில் மோதி 92 பேர் இறந்தார்கள். அதன் பிறகு அமெரிக்கா அந்தக் கருவியைப் பயணிகள் விமானங்களில் கட்டாயமாக்கியது. பின்னால் வந்த வடிவத்தில் உலகத்தின் மலைகளெல்லாம் நினைவகத்திலேயே ஏற்றப்பட்டிருக்கும். மலை முன்னால் வருமுன்பே “டெரெய்ன், டெரெய்ன்” என்று கத்தும். அந்த நினைவகத்தை உரிய காலத்தில் புதுப்பிப்பது எங்கள் பிரிவின் வேலை. செய்தால் யாரும் கவனிக்கமாட்டார்கள். நான் அதைச் செய்த ஒவ்வொரு தடவையும் சின்னமனூரை நினைத்துக்கொள்வேன்.

மேகமும் இருட்டும் மனித உடலை எப்படி ஏமாற்றும் என்பதற்கு இரண்டு விபத்துகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1978 ஜனவரி 1 இரவு, பம்பாயிலிருந்து துபாய்க்குக் கிளம்பிய ஏர் இந்தியாவின் ‘எம்பரர் அசோகா’ ஜம்போ, ஓடுபாதையைவிட்டு எழும்பி இரண்டு நிமிடம்கூட ஆகாமல் பாந்த்ரா கடலில் விழுந்தது. 213 பேரும் இறந்தார்கள். வலப்பக்கம் திரும்பி நேரான பிறகும், கேப்டனின் முன்னால் இருந்த செயற்கை அடிவானக் கருவி வலச்சாய்வையே காட்டிக்கொண்டு நின்றுவிட்டது. அதைச் சரிசெய்வதாக நினைத்து இடப்பக்கம் சாய்த்தார்; இன்னும் சாய்த்தார். வெளியே கடல், இருட்டு, ஒரு விளக்குப் புள்ளிகூட இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க வேறு கருவிகள் இருந்தன. கிடைத்தவையோ சில நொடிகள்.

மற்றது மத்திய ஆப்பிரிக்காவில். 2007 மே 5 அன்று, நள்ளிரவு தாண்டி, மழை மேகத்துக்கு நடுவே கேமரூனின் துவாலாவிலிருந்து கென்யா ஏர்வேஸ் 737-800 கிளம்பியது. இங்கே கருவிகள் சரியாகத்தான் காட்டின. ஆட்டோபைலட் இயங்குகிறது என்ற நினைப்பில் இருந்தார்கள், அது இயங்கவில்லை. விமானம் மெல்ல மெல்ல வலப்பக்கம் சாய்ந்தது. அவ்வளவு மெதுவான சாய்வைக் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு உணராது. உடம்பு நேராக இருப்பதாகவே சொல்லும். 114 பேரும் இறந்தார்கள். ஓடுபாதையிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில் சதுப்புக்காட்டில் கிடந்த சிதைவைக் கண்டுபிடிக்கவே ஒரு நாளுக்கு மேல் ஆயிற்று. பம்பாயில் கருவியை நம்பி விழுந்தார்கள், துவாலாவில் கருவியைப் பார்க்காமல் விழுந்தார்கள். இரண்டையும் ‘பைலட் தப்பு’ என்று ஒரே மூட்டையில் கட்டினால் எதற்கும் மருந்து கிடைக்காது.

இந்தப் பம்பாய் விபத்தை மனப்பாடமாகப் படித்திருந்ததால்தான் ஒரு விடிகாலையில் நான் பிடிவாதமாக நின்றேன். எந்த நிறுவனம், எந்த ஊர் என்பது வேண்டாம். இரவு வந்து இறங்கிய விமானி படியிறங்கும்போது, “அடிவானக் கருவி ரெண்டுக்கும் வித்தியாசம்னு விளக்கு ஒரு செகண்ட் வந்து போச்சு, இப்ப சரியாத்தான் இருக்கு” என்று வாய்வார்த்தையாகச் சொன்னார். டெக் லாக் என்கிற பதிவேட்டில் எழுதவில்லை. எழுதினால் அது ஸ்நாக், அதாவது பதிவான பழுது. ஸ்நாக் என்றால் திறந்து பார்த்தாக வேண்டும், காலை விமானம் தாமதமாகும். தரையில் நிற்கும்போது எல்லாம் சுத்தமாக வேலை செய்தது. மேலதிகாரி, “எழுதாத ஸ்நாக்குக்கு எதுக்குய்யா ஏரோப்ளேனைத் திறக்கணும்?” என்று கேட்டார். நான் விமானியைத் தேடிப் போய், “சார், ஒரு வரி எழுதிக் கொடுங்க” என்று கேட்டு வாங்கினேன். மின்னணுப் பெட்டிகள் இருக்கும் அறையைத் திறந்து, ஜைரோவுக்குப் போகும் கனெக்டரைக் கழற்றிப் பார்த்தால், ஒரு பின் உள்ளே தள்ளிப்போய்த் தொட்டும் தொடாமலும் நின்றது. விமானம் அதிரும்போது விட்டுப்போகும், நின்றால் சேர்ந்துகொள்ளும். அதை மாற்றி, சோதித்து, கையெழுத்துப் போட்டு அனுப்பியபோது ஒன்றரை மணி நேரம் தாமதம். அதற்கு எனக்கு விளக்கக் கடிதம் கேட்டார்கள். கொடுத்தேன். இன்றைக்கு அந்த நிலைமை வந்தாலும் அதையேதான் செய்வேன்.

என் துறையே மூலகாரணமான விபத்து என்றால் 1976 அக்டோபர் 12தான். பம்பாயிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய இந்தியன் ஏர்லைன்ஸ் காரவெல். அதன் எண்ணும் 171தான். கிளம்பியவுடன் ஒரு என்ஜின் பழுதாகித் திரும்பி வந்தது. ஓடுபாதையைத் தொடுமுன் கட்டுப்பாடிழந்து விழுந்தது. 95 பேரும் இறந்தார்கள். அவர்களில் நடிகை ராணி சந்திராவும் ஒருவர். அவர் நடித்துக்கொண்டிருந்த ‘பத்ரகாளி’ படத்தை அவர் சாயலில் இருந்த வேறொருவரை வைத்து முடித்தார்கள் என்பது பழைய ரசிகர்களுக்குத் தெரியும். விழுந்த காரணம் பலருக்குத் தெரியாது. என்ஜினின் உயர் அழுத்தக் கம்ப்ரஸரில் சுழலும் வட்டு ஒன்றில் உலோகச் சோர்வால் விரிசல் விட்டிருந்தது. வட்டு உடைந்து உறையைக் கிழித்துக்கொண்டு வெளியேறியது, எரிபொருள் குழாய் அறுந்தது, தீ பிடித்தது. தீயில் ஹைட்ராலிக் எண்ணெய் தீர்ந்ததும் விமானி கையில் இருந்த கட்டுப்பாடு எதற்கும் விமானம் கட்டுப்படவில்லை.

உலோகச் சோர்வு விரிசல் ஒரே நாளில் வருவதில்லை. ஒவ்வொரு பறப்பிலும் வட்டு சூடாகிக் குளிர்கிறது, இழுபட்டுத் தளர்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல் ஆயிரக்கணக்கான பறப்புகளில் மெல்ல நீளும். அதைப் பிடிக்க, பாகத்தைச் சுத்தமாகக் கழுவி, ஒளிரும் சாயத்தில் நனைத்து, துடைத்து, இருட்டறையில் புற ஊதா விளக்கில் பார்ப்போம். கீறலுக்குள் புகுந்த சாயம் மட்டும் பச்சையாக ஒரு மயிரிழை போல மின்னும். அந்த அறைக்குள் போனவுடன் வேலை தொடங்கக்கூடாது; கண் இருட்டுக்குப் பழகச் சில நிமிடம் சும்மா உட்கார வேண்டும். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மூத்த இன்ஸ்பெக்டர் ஒருவர், அவசரப்படுத்த வருகிறவர்களை அந்த நிமிடங்களில் கதவுக்கு வெளியேயே நிறுத்திவிடுவார். “தம்பி, கண்ணு ரெடியாகாம பார்த்தா பார்த்ததா அர்த்தமில்ல” என்பார்.

ஆப்பிரிக்க விபத்துகளைப் பற்றிப் பேசும்போது நம்மவர்கள் சிலர், அங்கெல்லாம் அப்படித்தான் என்று கையை உதறுகிறார்கள். அது சரியில்லை. 1996 ஜனவரி 8 அன்று காங்கோவின் கின்ஷாசா நகர நடுவில் உள்ள நிடோலோ விமான நிலையத்தில், அளவுக்கு மேல் பாரம் ஏற்றிய ஏ.என்.-32 எழும்ப முடியாமல் ஓடுபாதை தாண்டிச் சந்தைக்குள் புகுந்தது. காய்கறியும் துணியும் வாங்க வந்த 200 பேருக்கு மேல் இறந்தார்கள். ரஷ்ய விமானிகளுக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. பாரத்தை ஏற்றச் சொன்னது யார், எடை பார்க்காமல் அனுப்பியது யார், ஓடுபாதை முடியும் இடத்தில் சந்தை கூட விட்டது யார் என்ற கேள்விகள் விமானிகளோடு சிறைக்குப் போய்விடுமா? 2010 ஆகஸ்ட் 25 அன்று அதே காங்கோவின் பந்துந்துவில் விழுந்த சிறு விமானத்தில் 20 பேர் இறந்தார்கள். பிழைத்த ஒரே ஆள் சொன்னது, யாரோ பையில் மறைத்துக் கொண்டுவந்த முதலை வெளியே வந்ததால் எல்லோரும் முன்பக்கம் ஓடினார்கள் என்று. ஒரே பக்கம் எடை கூடினால் சிறு விமானத்தின் சமநிலை கெட்டுவிடும் என்பது உண்மை. முதலையைச் சொல்லிச் சிரிக்கிறவர்கள், பைகளைச் சோதிக்க அங்கே ஏற்பாடு இருந்ததா என்று கேட்பதில்லை.

அதே ஏ.என்.-32 ரகம்தான் 2016 ஜூலை 22 காலை தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்கு 29 பேருடன் கிளம்பி வங்கக்கடலில் மறைந்தது. காஞ்சிபுரத்தில் நின்றாலே தாம்பரம், அரக்கோணம் படைத்தளங்களுக்குப் போய்வரும் விமானங்கள் தெரியும். அந்த வாரம் முழுக்க எங்கள் தெருவில் வானத்தைப் பார்த்தபடியே இருந்தார்கள். பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆளில்லா நீர்மூழ்கி, சென்னைக் கடற்கரையிலிருந்து சுமார் 310 கிலோமீட்டரில், 3,400 மீட்டர் ஆழத்தில் அதன் சிதைவைப் படமெடுத்ததாக 2024 ஜனவரியில்தான் அறிவித்தார்கள். அந்தக் குடும்பங்கள் ஏழரை ஆண்டு காத்திருந்தன. ஆழ்கடலுக்கு மேல் பறக்கும் எல்லா ராணுவ விமானங்களிலும் நீரடியில் ஒலியெழுப்பும் கருவி வேலை செய்யும் நிலையில் இருக்க வேண்டும் என்று நான் எழுதாத இடமில்லை.

பின்னோக்கிப் போனால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு நம் பக்கத்து மாநிலங்களின் இரண்டு அறிக்கைகள் போதும். மங்களூரில் 2010 மே 22 அன்று 158 பேர் இறந்தார்கள். எட்டுப் பேர் பிழைத்தார்கள். கேப்டன் பயணத்தில் வெகுநேரம் தூங்கியிருந்தார். குறட்டைச் சத்தம் ஒலிப்பதிவில் இருந்தது. தரையிறங்காமல் மேலே போகும்படி துணை விமானி மூன்று முறை சொன்னார். ஓடுபாதையில் 5,200 அடி தாண்டித்தான் சக்கரம் பட்டது. இத்தோடு செய்தித்தாள்கள் நிறுத்திக்கொண்டன. அறிக்கை மேலும் போகிறது. அங்கே ரேடார் பழுதாகி இருந்ததால் விமானத்தைத் தாமதமாக இறங்கச் சொன்னார்கள். ஓடுபாதைக்கு அப்பால், வழிகாட்டும் ஆன்டெனாவைத் தாங்கி நின்ற கான்கிரீட் அமைப்பில் இறக்கை மோதியது. அடிபட்டால் எளிதில் நொறுங்கும்படி கட்டியிருக்க வேண்டிய அமைப்பு அது.

கோழிக்கோட்டில் 2020 ஆகஸ்ட் 7 அன்று, கொட்டும் மழையில், 190 பேருடன் வந்த விமானம் 4,400 அடிக்கு மேல் தாண்டித் தரைதொட்டு, பள்ளத்தில் விழுந்து உடைந்தது. 21 பேர் இறந்தார்கள். அந்த அறிக்கையில் நான் திரும்பத் திரும்பப் படிப்பது இரண்டு இடங்கள். ஒன்று, கேப்டன் பக்கத்து வைப்பர். தரையிறங்கும் முதல் முயற்சியில் சில நொடிகள் ஓடி நின்றுவிட்டது. மற்றொன்று, அங்கே போதிய கேப்டன்கள் இல்லாததால் மறுநாள் காலை விமானத்தையும் அவரே ஓட்டவேண்டி இருந்தது. வேறு ஊரில் இறங்கினால் அது நடக்காது. மழையில் கண்ணாடிக்கு வெளியே சரியாகத் தெரியாத ஒருவரின் தோளில் மறுநாளைய பணிப்பட்டியலும் ஏறி உட்கார்ந்திருந்தது. ஒரு வைப்பர் மோட்டாருக்கு இவ்வளவு பொருள் உண்டு என்று பயிற்சிப் பிள்ளைகளுக்கு நான் சொல்லாத நாளில்லை.

இப்போது எங்கள் மாவட்டத்திலேயே, பரந்தூரில், சென்னைக்கான இரண்டாவது விமான நிலையம் என்கிறார்கள். ஏகனாபுரம் மக்கள் தங்கள் நிலத்துக்காகவும் ஏரிகளுக்காகவும் போராடுவதை மதிக்கிறேன். வாழ்வாதாரத்தைப் பற்றி அவர்கள்தான் பேச வேண்டும். என் தொழில் தெரிந்தவன் என்ற முறையில் ஒன்று கேட்கிறேன். அது ஏரிகள் நிறைந்த பூமி. ஏரி இருந்தால் நாரையும் கொக்கும் வரும், அவை என்ஜினுக்குள் போகும். விமான நிலையத்திலிருந்து 13 கிலோமீட்டர் வட்டத்துக்குள் பறவைகளை ஈர்க்கும் இடங்களைக் கணக்கெடுக்கச் சொல்கிறது சர்வதேச வழிகாட்டுதல். 10 கிலோமீட்டருக்குள் குப்பை கொட்டுவதையும் ஆடுமாடு அறுப்பதையும் நம் நாட்டு விதியே தடுக்கிறது. ஓடுபாதைக்கு அப்பால் எவ்வளவு காலி இடம் விடுகிறார்கள், அங்கே நிற்கப்போகும் ஆன்டெனாவின் அடித்தளம் எதனால் ஆனது, பறவைக் கணக்கை எந்த மாதத்தில் எடுத்தார்கள், வடகிழக்குப் பருவமழைக்குப் பின்னாலும் எடுத்தார்களா? வரைபடம் காகிதத்தில் இருக்கும்போதே காஞ்சிபுரத்துக்காரர்கள் இதைக் கேட்க வேண்டும். மங்களூர், கோழிக்கோடு அறிக்கைகள் பொதுவெளியில் இருக்கின்றன. கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குப் போகிறவர்கள் அவற்றைப் படித்துவிட்டுப் போங்கள். ஆங்கிலம் கடினமாக இருந்தால் என் திண்ணைக்கு வாருங்கள், உட்கார்ந்து வரிவரியாகப் படித்துச் சொல்கிறேன்.